கொழுப்பு சேராத கிரீம்

வாசற்படியில் நின்றே பிழைக்கிற தொழில் எங்களுடையது. பை தூக்கி அலைந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் நெகிரி மாநிலத்து ரப்பர் தோட்டங்களை மோட்டார் சைக்கிளில் சுற்றி, மிருகக் கொழுப்பு சேராத முகக்கிரீமும் உதட்டுச் சாயமும் விற்றேன். எனக்குக் குரல் வேறு சின்னது. தொழிலாளர் லயத்து வீடுகளின் நாய்கள் குரைத்த பிறகுதான் நான் வந்திருப்பதே தெரியும். சாயங்காலம் ராசா என்ற ஊரில் வாடகை அறை; அங்கே குரைக்க நாய்கூடக் கிடையாது.

வெள்ளிக்கிழமை முகம்

பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டு அம்மா டப்பாவை மோந்து பார்த்தார். "பால்கூட இல்லியா? பாலு சைவந்தானே?" என்றார். கம்பெனியில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். ஒன்று வாங்கினார். அடுத்த தடவை போனபோது டப்பா அப்படியே இருந்தது. பிடிக்கவில்லையோ என்று பயந்து கேட்டேன்.

"இது வெள்ளிக்கிழமைக்கு மட்டுந்தான் தம்பி. மத்த நாளு மூஞ்சியும் கறி சாப்பிடும் லா!"

ஆடுகூட இல்லை

கோலா கிளாவாங் பசாரில் மழைக்கு ஒதுங்கினேன். பலகாரம் விற்ற மலாய் அக்கா என் பையைத் திறக்கச் சொல்லி, பன்றிக் கொழுப்பு உண்டா என்றுதான் முதலில் கேட்டார். பன்றி மட்டுமா, மாடு, ஆடு, மீன் எதுவுமே இல்லை என்றேன், பெருமையாக. உதட்டுச் சாயம் ஒன்றை எடுத்துக்கொண்டு, என் கையில் ஒரு பலகாரத்தை வைத்தார். அன்று முழுக்க என்னோடு பேசியவர் அவர் ஒருவர்தான்.

"ஆடுகூட இல்லையா? அதான் நீயும் இப்படி வற்றிப்போயிருக்கிறாய்!" என்றார் மலாயில்.

புஷ்பம் அக்காவின் விரதம்

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன கணவர் திரும்பும்வரை கறி மீன் தொடுவதில்லை என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர் புஷ்பம் அக்கா. ரப்பர் பால் வெட்டி வாடிய முகத்தோடு கணவர் முன்னால் நிற்கக் கூடாது. விரதமும் கெடக் கூடாது. அதனால் என் கிரீம். தோட்டத்தில் எனக்கு நாற்காலி போட்ட ஒரே வீடு அது. பூசிக்கொண்டு வந்து, "அவருக்கு அடையாளம் தெரியுமா தம்பி?" என்பார். "தெரியும்க்கா" என்பேன். அவருக்கும் கேட்க வேறு ஆளில்லை, எனக்கும் பதில் சொல்ல வேறு வீடில்லை.

ஒருநாள் வாசல்வரை நெத்திலி வறுக்கும் வாசனை. சந்தோஷமாகப் படியேறி, "மாமா வந்துட்டாராக்கா?" என்று கேட்டுவிட்டேன். இல்லை. அவருக்கு சிங்கப்பூரிலேயே வேறு குடும்பம் ஆகிவிட்டதாம். அப்போதும் நாற்காலி போட்டார். வழக்கமான டப்பாவை எடுத்து நீட்டினேன். தள்ளிவிட்டார்.

"இது வேணாம் தம்பி. மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ, எதையாச்சும் போட்டதா ஒண்ணு குடு. அது எனக்கு."

இல்லை இல்லை என்று சொல்லியே விற்றுப் பழகிய என்னிடம், அக்கா தனக்கென்று முதல்முதலாகக் கேட்டதும் இல்லாமல்தான் இருந்தது.