சடையன் முதலில் அடிக்கவில்லை

என் கணவர் ஜெயசுதனுக்கு வயது நாற்பத்தேழு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். தண்ணீர் இறைக்கும் மோட்டார் எரிந்துபோனால் பழைய கம்பியை வெட்டியெடுத்துவிட்டுப் புதுச் செப்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது அவருடைய தொழில். குடி இல்லை, பொய் இல்லை, கை சுத்தம். எனக்கு வாய்த்தவரைப் பற்றி ஊரில் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் ஒரே வீட்டுக்குள் இருந்து இருபத்தொரு வருடம் மல்யுத்தக் கதை கேட்டவர்கள் அல்ல.

மல்யுத்தம் என்றால், வெளிநாட்டுக்காரர்கள் சின்னக் காற்சட்டையோடு மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து ஒருவரையொருவர் ஏசி, பிறகு உட்காரும் கதிரையைத் தூக்கி அடித்துக்கொள்வார்களே, அது. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட வழியில்லாமல் ஓடி வரும் கமக்காரரை வாங்கில் இருத்தி வைத்து, 'பனைமரம்' என்கிற நெட்டையன் கயிற்றுக்கு மேலால் விழுந்த கதையையும், முகமெல்லாம் திருநீறு பூசியதுபோல் வெள்ளையடித்துக்கொண்டு வரும் ஒருவன் கூண்டுக்குள் அகப்பட்ட கதையையும் சொல்லுவார். அந்த மனுசன் கடிகாரத்தைப் பார்ப்பார், இவர் அதைக் கண்டுகொள்ள மாட்டார். "உது நடிப்பெல்லோ அண்ணை" என்று யாராவது வாய் விட்டால் அன்றைக்கு மோட்டார் கிடைக்காது.

"நடிப்பெண்டு எனக்கும் தெரியும். பத்தடி உயரத்திலை இருந்து விழுற முதுகு நடிக்குமோ?"

இந்தக் கதைகளையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான், சடையனும் கட்டையனும். மற்றப் பெண்களுக்குக் கலியாணம் முடித்த கிழமை புருசன்மார் தங்கள் குடும்பக் கதை சொல்லியிருப்பார்கள். எனக்கு இது கிடைத்தது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு இவர் திருநெல்வேலியில் ஒரு கடையில் வைண்டிங் பழகிக்கொண்டிருந்தார். கூடப் பழகியவர் கிறிஸ்துநாயகம், கொழும்புத்துறையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. ஒரே வயது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கிறிஸ்துநாயகம் சைக்கிள் மிதித்து வட்டுக்கோட்டையில் இருந்த இவருடைய வீட்டுக்கு வருவார். சுவிஸிலிருந்த மாமா அனுப்பிய காசில் வாங்கிய ரிவியும் வீடியோ டெக்கும் அங்கே இருந்தன. மின்சாரம் இருக்கிற நேரம் பார்த்து, பட்டணத்து வீடியோக் கடையில் எடுத்த மல்யுத்தக் கசற்றைப் போடுவார்கள். கொப்பிக்குக் கொப்பி எடுத்த கசற். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்குமாம். மேடையில் நிற்பவனுடைய பெயர்கூடக் கேட்காது. ஆகையால் பெடியன்களே பெயர் வைத்தார்கள். நீள முடிக்காரன் சடையன், குள்ளமாகத் தடித்தவன் கட்டையன்.

இரண்டு பேரும் சோடியாகச் சண்டை பிடிக்கிறவர்கள். சோடிச் சண்டையில் உள்ளே நிற்பவன் களைத்தால், கயிற்றுக்கு வெளியே நிற்கும் தன் கூட்டாளியின் கையைத் தொட வேண்டும். தொட்டால்தான் மற்றவன் உள்ளே வரலாம். முதலில் கிடைத்த கசற்றில், கட்டையன் சனத்தைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டு நிற்க, சடையன் பின்னால் வந்து கதிரையால் முதுகில் அடித்து விழுத்திவிட்டான். இவர் அன்று சாப்பிடவில்லையாம். எட்டு மாதம் கழித்து இன்னொரு கசற் வந்தது. அதில் சடையன் அடி வாங்கி, தவழ்ந்து வந்து கையை நீட்டுகிறான். வெளியே நின்ற கட்டையன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, தொடாமல், இறங்கிப் போய்விட்டான். பிறகு மூன்று பேர் சேர்ந்து சடையனைத் துவைத்தார்கள். இவர் துள்ளிக் குதித்திருக்கிறார். மன்னித்ததுபோல் இருந்து கட்டையன் சரியான பாடம் படிப்பித்துவிட்டான் என்று.

அன்று கூடியிருந்த பெடியன்களில் கிறிஸ்துநாயகம் மட்டும் சிரிக்கவில்லை.

"இதிலை சடையன்ரை முடி தோளோடை நிக்குது. முந்திப் பாத்ததிலை முதுகு வரைக்கும் கிடந்தது. கடைக்காரன் கசற்றை மாறித் தந்திட்டான். இதுதான் முதல் நடந்தது மச்சான். விட்டிட்டுப் போனவன் கட்டையன்தான்."

"வெட்டியிருப்பான்" என்றார் இவர்.

"வெட்டினவன்ரை முடி மாதிரி இல்லை."

மற்ற நாளென்றால் கிறிஸ்துநாயகம் இவ்வளவில் விட்டுவிடுவாராம். அன்றைக்கு விடவில்லை. வாதம் முற்றி, இவர் ரிவியை நிறுத்திவிட்டு, "எங்கடை வீட்டிலை இருந்துகொண்டு எனக்குப் படிப்பிக்காதை. போறதெண்டால் போ" என்று சொல்லியிருக்கிறார். கிறிஸ்துநாயகம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை வைண்டிங் கடைக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

"சடையனுக்காகத் தொழிலையே விட்டிட்டுப் போனவன், என்ன பிடிவாதம் பார்" என்று இவர் இந்தக் கதையை முடிப்பார். கோபம் பாதி, பெருமை பாதி. மல்யுத்தத்துக்காக ஒருவன் கைத்தொழிலை விடுவானா என்று நானும் ஒரு நாள் கேட்டதில்லை. எப்போது முடியும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பின் இரண்டு பேரும் செத்த வீடுகளிலும் பஸ் நிலையத்திலும் எதிர்ப்பட்டிருக்கிறார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் இவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கிறிஸ்துநாயகம் ஒரு நாள் தன் வாயால் "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பழையபடி மச்சானாகிவிடலாம். அது நடக்காத ஆத்திரத்தில் உலகத்திலுள்ள எல்லாரையும் சடையனாக்கினார். சீமெந்து தராமல் ஏமாற்றியவன் சடையன். தேர்தலில் வென்று கட்சி மாறியவர் சடையன். என் தம்பி வெளிநாடு போய் ஆறு மாதம் போன் எடுக்கவில்லையென்று அவனும் சடையன். அன்றைக்கு நான் சோறு போடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நல்ல போன் ஒன்று வாங்கினார். வாங்கிய அன்றே அந்தச் சண்டைகளைத் தேடத் தொடங்கினார். பெயர் தெரியாது, நாடு தெரியாது, வருடம் தெரியாது. நான் நூலகத்தில் வேலை செய்கிறவள் என்பதால் ஆங்கிலத்தில் எழுதித் தேடுவது என் தலையில் விழுந்தது. நீள முடி, குள்ளம், கதிரை என்று எழுதினால் எத்தனை வருகிறது தெரியுமா? கதிரையால் அடிக்காதவனே அந்தத் தொழிலில் இல்லை. "உவன் இல்லை", "உவனும் இல்லை" என்று தள்ளிக்கொண்டே இருப்பார். பக்கத்தில் இருந்து எனக்குத் தலையிடிதான் மிச்சம்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், நாங்கள் தேடாமலே, அந்தப் போன் தானாக அதைக் கொண்டுவந்து காட்டியது. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கட்டையன் கையைத் தொடாமல் இறங்கிப் போகிறான். கீழே திகதி போட்டிருந்தது, தொண்ணூற்றைந்து மார்ச். அடுத்ததில் சடையன் கதிரையோடு வருகிறான். தொண்ணூற்றாறு செப்டெம்பர். இவர் இரண்டையும் மூன்று தரம் பார்த்தார். கையில் சோறு காய்ந்துபோனது.

"கிறிஸ்து சொன்னதுதான் சரி" என்றார். தன் பிழையை இவர் ஒத்துக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

முதலில் எனக்கு மகிழ்ச்சி. உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் கை தட்டினேன். ஆனால் அடுத்த பதினொரு நாளும் மனுசன் கடையில் வெறுமனே இருந்தார். எரிந்த மோட்டார்கள் வாசல் வரை குவிந்தன. வந்தவர்கள் என்னிடம் முறையிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் எனக்குப் பொறுமை கெட்டது.

"போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ."

"இருபத்தாறு வருசத்துக்குப் பிறகு என்னெண்டு போறது?"

"மோட்டார் சைக்கிளிலை" என்றேன்.

ஞாயிறு காலை, தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் வீடு திரும்பிய நேரம், கொழும்புத்துறைக்குப் போனோம். கிறிஸ்துநாயகம் வீட்டோடு ஒரு கொட்டில் போட்டுப் படகு எஞ்சின் திருத்துகிறார். நரைத்துப்போயிருந்தார். இவரைக் கண்டதும் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. "வாரும் ஜெயசுதன்" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, இரண்டு கதிரைகளைத் துடைத்துப் போட்டார். அவருடைய மனைவி பக்கத்துக் கடையில் இரண்டு சோடா வாங்கி வந்து, மூடி திறக்காமல், திறப்பானோடு தட்டில் வைத்தார்.

எனக்குக் காது சுட்டது. தங்கள் வீட்டுப் பாத்திரத்தில் குடிக்க மாட்டார்கள் என்று தெரிந்த ஆட்கள் வந்தால், யாருக்கும் சங்கடம் வராமலிருக்க, கடைச் சோடாவை மூடியோடு வைப்பார்கள். இது இங்கே எல்லாருக்கும் தெரியும், வாய் விட்டு யாரும் சொல்வதில்லை. இவர் சோடாவைத் திறந்து குடித்துக்கொண்டே தொடங்கிவிட்டார். கசற், திகதி, முடி, எல்லாம். போனை நீட்டி இரண்டு சண்டையையும் காட்டினார். கதிரையை இடக்கையால் எடுத்து, வலக்கைக்கு மாற்றி அடித்தான் என்று, படம் ஓட முன்னமே சொல்லிக்காட்டினார்.

"நீ சொன்னதுதான் சரி மச்சான். பிழை என்னிலைதான். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

கிறிஸ்துநாயகம் போனைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"உதுக்கோ வந்தனீ?"

"உதுக்குத்தானே நீ கோவிச்சுக்கொண்டு போனனீ?"

அவர் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். அவசரமில்லாமல் துடைத்தார்.

"எனக்கு உந்தச் சண்டை அரைகுறையாத்தான் ஞாபகம். அண்டைக்குக் கொம்மா தேத்தண்ணி கொண்டுவந்தவ. உன்ரை சொந்தக்காரப் பெடியளோடை ஏழு பேர் இருந்தம். ஆறு பேருக்கு வீட்டுப் பேணி. எனக்கு ஜாம் போத்தில்."

இவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"முந்தி நான் தனிய வாற நாளிலை நீயே குசினிக்குள்ளை போய் ரெண்டு பேணியிலை எடுத்துக்கொண்டு வருவாய். ஏனெண்டு எனக்கு விளங்கும். நீ சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. அண்டைக்கு நீ எழும்பேல்லை. போத்திலைப் பாத்தனீ, என்னைப் பாத்தனீ, பிறகு ரிவியைப் பாத்தனீ. அதுக்குப் பிறகுதான் நான் முடியைப் பற்றிக் கதைச்சது. அவன்ரை முடி நீளமெண்டால் எனக்கென்ன, கட்டையெண்டால் எனக்கென்ன. உன்னோடை ஏதாவது கொழுவ வேணும்போலை இருந்தது. போ எண்டனீ, வந்திட்டன்."

"எனக்கு ஞாபகம் இல்லை மச்சான்" என்றார் இவர். "சத்தியமா ஞாபகம் இல்லை."

"சடையன் கதிரையை எந்தக் கையாலை எடுத்தவன்?"

"இடக்கையாலை" என்றார் இவர் உடனே.

கிறிஸ்துநாயகம் சிரித்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாசல் வரை வந்து வழியனுப்பினார். எஞ்சினுக்கு ஆள் வரும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். "இன்னொரு நாள் வாரும்" என்று சொல்லவில்லை. என்னுடைய சோடா திறக்காமலே தட்டில் இருந்தது.

பட்டணம் வருமுன்னம் ஒரு மதில் நிழலில் இவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இறங்காமல், முன்னால் பார்த்தபடி கேட்டார்.

"என்னப்பா, அம்மா அப்பிடிச் செய்திருப்பாவோ? நான் அதைப் பாத்திருப்பனோ?"

மாமியார் செத்து எட்டு வருடமாகிறது. நான் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போனபோது குசினிக்கு வெளியே, யன்னல் விளிம்பில், ஒரு ஜாம் போத்தல் கவிழ்த்து வைத்திருந்தது. ஏனென்று கேட்டேன். ஓலை வெட்ட வருகிறவர்களுக்கு, கிணறு இறைக்க வருகிறவர்களுக்கு என்றார் மாமி. நான் மறுபேச்சுப் பேசவில்லை. எத்தனை வருடம் அதில் தேத்தண்ணி ஊற்றினேன் என்று எண்ணிப் பார்த்ததும் இல்லை. இந்த மனுசனுடைய பைத்தியத்தைத் திருத்துகிறேன் என்று கூட்டிக்கொண்டு வந்தவள் நான். வெட்கமாக இருந்தது. இல்லை, உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். வீட்டுக்குப் போனதும் பழையபடி பனைமரத்தின் கதையைத் தொடங்கியிருப்பார்.

"செய்தவ" என்றேன். "பிறகு நானும் செய்தனான். கிணறு இறைக்க வந்த முருகேசு அண்ணைக்கு நான் போத்திலிலை ஊத்திக் குடுக்கேக்கை, நீங்கள் பக்கத்திலை நிண்டு உங்கடை பேணியிலை குடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."