சந்தனப் பொட்டு வைத்த ரசீது

எங்கள் வீட்டுக்கு முக்கியமான காகிதம் எது வந்தாலும் முதலில் சாமி மாடத்துக்குத்தான் போகும். அம்மா மூலையில் சந்தனப் பொட்டு வைத்து, வேலை முடியும்வரை விளக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். சலவை இயந்திரத்தின் உத்தரவாத அட்டைகூட அங்கே சில மாதம் இருந்திருக்கிறது.

எனக்குப் பதினொரு வயதில், சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெம்பனிஸ் கடைத்தொகுதியில் அப்பா வீடியோ கேம் கன்சோல் ஒன்றுக்கு முன்பதிவு செய்து, முழுப் பணத்தையும் கார்டில் கட்டினார். அது வந்து சேர இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் விலை இறங்கினால் ரசீதைக் காட்டி வித்தியாசத்தைத் திரும்பப் பெறலாம் என்றார்கள். கேம் வேண்டுமானால் அந்தப் பணத்தில்தான் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். கேம் இல்லாத கன்சோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பள்ளி விட்டதும் தினமும் போய் விலைப் பலகையைப் பார்த்தேன். ஒரு நாள் எண்பது வெள்ளி குறைந்திருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து ரசீதை எடுத்தால், தாள் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. அந்த மாதிரித் தாளுக்குச் சூடு ஆகாது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பொட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது.

அன்று அம்மாவிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. பிறகு நான்கு நாள் பேசவே இல்லை. எனக்குப் பிடித்த நெத்திலி சம்பலைச் செய்து வைத்தார். கோபம் குறையாமல் அதையும் இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

எங்களோடு தங்கி துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த சித்தப்பா, தன் விடுமுறை நாளில் அந்தக் கறுத்த ரசீதை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாலையில் திரும்பி வந்து பத்து வெள்ளி நோட்டுகள் எட்டை மேசையில் வைத்தார்.

"அண்ணி, நீங்க வச்ச பொட்டப் பாத்துட்டு அந்தச் சீனக் கடைக்காரரு ஒண்ணுமே கேக்கல லா. சாமி காகிதம்னு உடனே குடுத்துட்டாரு."

அம்மா அக்கம்பக்கத்தில் ஒரு வீடு விடாமல் இதைச் சொல்லி முடித்தார். நானும் ஒன்றுமே நடக்காததுபோல் அவர் மடியில் போய் விழுந்தேன்.

பாலிடெக்னிக் விடுமுறையில் அதேபோன்ற ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே சொல்லித் தந்தார்கள்: கார்டில் கட்டிய பணம் கார்டுக்குத்தான் திரும்பும், ரொக்கமாக ஒரு காசும் கொடுக்கக்கூடாது. கல்லாவுக்கு முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சித்தப்பாவிடம் இதுவரை நான் இதைப் பற்றி எதையும் கேட்டதில்லை. அவரை நினைத்தாலே மனம் நன்றியில் நிறைந்துவிடுகிறது. கல்லாவுக்கு முன்னால் நின்ற அன்றுகூட, அவர் தன் கைக்காசில் எனக்குக் கேம் வாங்கித் தந்ததாகத்தான் நினைத்தேன். மகள் முகம் கொடுத்துப் பேசாத அந்த நான்கு நாளும் தன் அண்ணி பட்ட பாட்டை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார் என்பது அந்த வயதிலும் எனக்கு எட்டவில்லை.