தூங்க வைக்கிற ஊசி

திருப்பதியில் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு நெறிமுறை வகுப்பு எடுக்கிறேன். இன்று ஆன்லைன் விவாதப் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டேன்: இனிப் பிழைக்காத பசுவுக்குக் கடைசி ஊசி போடும் முன் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வீர்கள்?

எல்லாரும் ஒரே பதில். "வலியில்லாம தூங்க வைக்கப் போறோம்னு சொல்வோம் மேடம்."

நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைதான்.

நகரி ஊர் மாணவி மட்டும் தன் அப்பாவைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்:

"எங்க பசுவுக்கும் டாக்டர் அப்படித்தான் சொன்னாரு மேடம். நைனா பக்கெட்ல தண்ணி வெச்சுக்கினு சாயந்திரம் வரைக்கும் அது பக்கத்துலயே குந்திக்கினு இருந்தாரு. எழுந்தா தாகமா இருக்கும்னாரு."



ஏர்பேட்டுப் பக்கம் மாட்டு டாக்டராக வேலை பார்த்த காலத்தில், ஊசி போட்டதும் நான் வண்டி ஏறிவிடுவேன். எத்தனை வீட்டில் பக்கெட் வைத்தார்களோ.

மார்க் போடச் சொல்லி ஆப் நச்சரிக்கிறது. சொல்லுங்கள், எனக்கு எத்தனை போடலாம்?