என் தங்கச்சிக்கு நான் போட்ட முகம்

மாத்தளை டவுனில் ஸ்டூடியோ கட்டினேன். அதுக்கு மேலே மாடி எடுத்தேன். அலுவிகாரையில் கல்வீடு கட்டினேன். நாலாம் வகுப்போடு நின்றவன் நான்; இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் லயத்தில், ஒற்றைக் காம்பராவில் பிறந்தவன். "ஒனக்கு எதுக்குடா கெமரா, தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தியப் புடி" என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என் மூஞ்சிக்கு நேரே சொன்னார். அவர் மகள் கல்யாணத்துக்குப் படம் பிடித்தது யார்? நான்தான். அப்பா செத்த பிறகு தங்கச்சியை டைப் படிக்க வைத்து, டவுனில் மிளகு வாங்கி விற்கிற ஒரு கம்பனியின் கந்தோரில் உட்கார வைத்ததும் நான்தான். எங்கள் லயத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்.

படம் பிடிக்க யாராலும் முடியும். பிடித்த பிறகு நெகட்டிவில் பார்க்கிற பென்சில் வேலைதான் தொழில். ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பினால் படத்தில் தழும்பு மறையும், தோல் வெளுக்கும். அந்தக் காலத்தில் சனம் கேட்டதே அதைத்தான். கண்டியிலிருந்துகூட என்னிடம் நெகட்டிவ் கொடுத்தனுப்புவார்கள்.

தங்கச்சிக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு, இரண்டு கன்னத்திலும் குழி. ஒரு தீபாவளிக்கு அவளைப் படம் பிடித்து, மூன்று நாள் குனிந்து வேலை பார்த்தேன். ஒரு குழி மிச்சமில்லை.

"யாருண்ணே இந்தப் பொண்ணு?" என்றாள்.

"ஒன்ன மாதிரிதான். ஆனா வாயாடி இல்ல."

"மூக்கயும் சீவிட்டீங்களா?"

"லேசா."

பெரிதாக்கி வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். கொழும்பிலிருந்து வந்த விளம்பரக் கம்பனிக்காரர் ஒருவர் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கலண்டருக்கும் குளிக்கிற சவர்க்காரத்துக்கும் போஸ் கொடுக்க அழகான மொடல் தேடுகிறவராம். ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் கடிதம் வந்தது: பெண்ணைக் கூட்டி வாருங்கள்.

"ரெண்டு நாள் லீவு கேட்டுப் பாக்குறேண்ணே" என்றாள்.

"லீவு எதுக்கு? திரும்பி வந்து மிளகு பில் அடிக்கவா? எழுதிக் குடுத்துட்டு வா."

"நேர்ல பாத்தா குழி தெரியுமே?"

"பவுடர் எதுக்கு இருக்கு? நான் சொல்றேன்ல."

வேலையை விடுகிற கடிதத்தை அந்தக் கந்தோர் மிசினிலேயே அவளே அடித்துக் கொடுத்தாள்.

கொழும்பில் அந்த மனுசன் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் என்னிடம் கேட்டார்: "படத்தில் இருக்கிறவங்க வரலையா?"

"நான்தான்" என்று அவளே சிங்களத்தில் பதில் சொன்னாள்.

மரியாதைக்கு உட்கார வைத்தார்கள். பெரிய விளக்குகள். பத்து நிமிசத்தில் பவுடர் வேர்த்து, குழிக்குள் சேறு மாதிரி அப்பிக்கொண்டது. "நெகட்டிவ என்கிட்ட குடுங்க, நான் சரி பண்ணித் தாரேன்" என்றேன். கெமராக்காரர் என் தோளைத் தட்டினார். கலர் பிலிமாம், பென்சில் ஏறாதாம். கடைசியில் சவர்க்காரத்தைப் பிடிக்கச் சொல்லி அவள் கையை மட்டும் இரண்டு படம் எடுத்தார்கள். கடிதம் போடுவோம் என்றார்கள். போடவில்லை. ரயிலில் மாத்தளை வரைக்கும் அவள் முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

கந்தோரில் அதற்குள் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டூடியோவில் ரசீது எழுத வா என்று கூப்பிட்டேன். அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்றாள். படத்தை எடுத்துவிட்டேன் என்றேன், அதற்கும் வரவில்லை. லயத்துக்கு, அம்மாவிடம் போய், தோட்டத்தில் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனாள். "வாங்க கலண்டரம்மா, கூடையோட ஒரு போஸ் குடுங்க" என்று மலையில் பெண்கள் சிரிப்பார்களாம். கல்யாணப் பேச்சு வந்த இரண்டு இடமும் அந்தக் கேலிப் பேச்சால் கலைந்து போனது. கிழவியாகும் வரைக்கும் கொழுந்துதான் எடுத்தாள். ஒரு படத்துக்கும் நிற்கவில்லை. அடையாள அட்டைக்கு எடுத்ததோடு சரி, அதையும் வேறு ஸ்டூடியோவில் எடுத்தாள்.

இப்போது என் பிள்ளைகள் என் வாழ்க்கையைப் புத்தகமாகப் போடுகிறார்கள். நான் கட்டியதெல்லாம் ஒன்றுவிடாமல் இருக்கிறது. தங்கச்சியைப் பற்றி ஒரே ஒரு வரி: கொழும்பு ஆசையில் நல்ல வேலையைக் கெடுத்துக்கொண்டவர். ஊரும் அப்படித்தான் சொல்கிறது. அந்த வரியை வெட்டுங்கள். அவளைக் கந்தோரில் உட்கார வைத்ததும் நான், எழுப்பிவிட்டதும் நான். வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. ஸ்டூடியோவுக்கு என் பேரைப் போட்டமாதிரி, அதுக்கும் என் பேரைப் போடுங்கள்.