வெளியேற்று என்ற பொத்தான்

மகளின் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னவன் நான். பையனை அவளே பார்த்துக்கொண்டாள் என்ற கோபம். கல்யாணம் பெங்களூரில். இணையத்தில் நேரலையாகக் காட்டுவார்கள் என்று தம்பி சொல்லிவிட்டுப் போனான்.

அன்று காலை கோழிப்பண்ணை அறையில், மகள் விட்டுப்போன மடிக்கணினியைத் திறந்தேன். அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். ராசிபுரத்தில் வாங்கிய இணைய மோடம் குச்சியைச் செருகினால் திரையில் ஒரு சிடி படம்தான் வந்தது, இணைப்பு வரவில்லை. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. மோடம் விற்ற கடைக்காரப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

“அந்த சிடி மேல வலது பட்டனை அமுக்குங்க. ‘வெளியேற்று’ன்னு வரும், அதைக் குடுங்க.”

“வெளியேத்துனா மோடம் போயிருமுங்களே?”

“போகாதுங்க. அதுல விண்டோஸ் டிரைவர் உக்காந்திருக்காரு. அவரை எறக்கிவிட்டாத்தான் லினக்ஸ் டிரைவர் ஏறுவாரு.”

அமுக்கினேன். சிடி மறைந்து இணைப்பு வந்தது. திரையில் மணமேடை தெரிந்தது. நான் நிற்கவேண்டிய இடத்தில் தம்பி நின்று தாரை வார்த்துக்கொண்டிருந்தான். மகள் தலை குனிந்திருந்தாள்.

“தெரியுதுங்களா? என்னங்க பாக்கறீங்க?”

“எம் பொண்ணு கல்யாணமுங்க.”



“நீங்க போகலீங்களா?”

“கோழிக்குத் தீவனம் வெக்க ஆளில்லீங்க.”

யார் கேட்டாலும் இன்றுவரை அதையேதான் சொல்கிறேன். அன்று பண்ணையில் மூன்று ஆட்கள் இருந்தார்கள். நான் போயிருக்கலாம்.