மோட்டார் மேல் போட்ட பழி

அந்த மெஷினை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். ஒரு சாப்பாட்டு மேசையில் பாதி அளவு இருக்கும். மூன்று மோட்டார், மூன்று மரை போட்ட கம்பி, நடுவில் சுற்றும் ஒரு சின்ன வெட்டுக்கத்தி, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டால் மோட்டார்கள் கம்பிகளைத் திருப்பும், கத்தி நகரும், படத்தில் இருப்பது கட்டையில் அப்படியே வெட்டுப்படும். பெரிய தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிற சி.என்.சி. மெஷினை விருத்தாசலத்தில் வாடகை வீட்டின் பின்கட்டில், பழைய கம்ப்யூட்டரை வைத்துச் செய்துவிடலாம் என்று நான் இறங்கினேன். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும், தினமும் கரண்ட் கட் ஆகிக்கொண்டிருந்த காலம். செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கே எனக்கென்று ஒரு ஆசை.

நான் அப்போது ஒரு செராமிக் கம்பெனியில் ஃபிட்டர். அங்கே பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்தார்கள். களிமண்ணையும் கல்பொடியையும் தண்ணீர் விட்டு அரைக்க ஆள் உயரத்துக்கு நான்கு இரும்பு டிரம்கள், உள்ளே கூழாங்கற்கள். பால் மில் என்போம். நான்கும் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூட அவர் காதில் வாயை வைக்க வேண்டும். அந்த இரைச்சலுக்குள் எந்தப் பேரிங் கெடப்போகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பேரிங் கூட்டின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்தினால் உள்ளே நடப்பது கேட்கும். கெட ஆரம்பிக்கிற பேரிங் முதலில் மெலிசாகக் கீச்சிடும். கரகரவென்று எல்லோருக்கும் கேட்கும்போது காரியம் கைமீறியிருக்கும். பேரிங் இறுகிப்போய் பெல்ட் அறுந்தால் அது யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் நான் ‘ஓட்டலாம்’ என்றால் ஓட்டுவார்கள், ‘நிறுத்து’ என்றால் மேலாளரே தடுத்தாலும் நிற்கும். பதினான்கு வருஷம் அந்தக் காதுதான் எனக்குச் சோறு போட்டது. கொஞ்சம் திமிரையும் அதுதான் கொடுத்தது.

வீட்டு மெஷினை ஓட்டிப் பார்க்க எனக்குக் கட்டைக்குப் பஞ்சமில்லை. கம்பெனிக்குப் பின்னால் தேய்ந்துபோன பிளாஸ்டர் அச்சுகளைக் குவித்துப் போட்டிருப்பார்கள். கேட்டால் தருவார்கள். அதில் ஒன்றை வைத்து ஒரு வட்டம் வெட்டச் சொன்னேன். கத்தி கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். வரவில்லை, இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வந்து நின்றது. மறுபடி வெட்டினால் மூன்று மில்லிமீட்டர். இந்த வகை மோட்டார் கணக்குப் பண்ணி அடியெடுத்து வைக்கிற ஜாதி. இத்தனை அடி போ என்றால் அத்தனை அடி போக வேண்டும். வழியில் நாலு அடி தவறவிட்டால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, அடுத்த வேலைக்குப் போய்விடும். என் மோட்டார்கள் அடி தவறின. ஏன் என்றுதான் தெரியவில்லை.

ஒன்றரை மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். கம்பி வளைந்திருக்கிறதா என்று கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன். எண்ணெய் விட்டேன். வேகத்தைக் குறைத்தேன், கிளம்பும்போது மெல்லக் கிளம்பட்டும் என்று அதையும் குறைத்தேன். வோல்டேஜ் ஏறி இறங்குகிறதோ என்று வீட்டு டி.வி.க்கு இருந்த ஸ்டெபிலைசரைப் பிடுங்கி இதற்குக் கொடுத்தேன். அதற்காக வீட்டில் ஒரு வாரம் எனக்கு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. எதற்கும் மசியவில்லை. மோட்டாரைத் தொட்டால் கை சுட்டது.

மோட்டாருக்குக் கரண்ட் அனுப்புகிற கார்டில் கடுகளவுக்கு ஒரு திருகு இருக்கும். அதைச் சரியாக வைப்பதுதான் டியூனிங். ஜங்ஷன் ரோட்டு பிரவுசிங் சென்டரில் நான் பிரிண்ட் எடுத்து வந்த தாளில் வழி போட்டிருந்தது: மோட்டாரை நிறுத்தி வைத்து, கரண்ட் மட்டும் கொடுத்து, திருகை மெல்லத் திருப்பு. கீச்சென்று ஒரு சத்தம் ஏறும், இறங்கும். அது அடங்குகிற இடத்தில் விட்டுவிடு. நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. சத்தமே போடாத முதல் தரமான மோட்டார் என்று மெச்சிக்கொண்டு, மூன்று கார்டிலும் திருகை நடுவாகப் பார்த்து விட்டுவிட்டேன்.

கடைசியில் மோட்டார் விற்ற சென்னைக் கடைக்காரருக்கு போன் போட்டேன்.

“சார், கீச்னு சத்தம் வருதுங்களா?” என்றார்.

“வரலைங்க.”

“போனை மோட்டார்கிட்ட கொண்டுபோங்க சார்.” கொண்டுபோனேன். “நல்லா கத்துதே சார்! எனக்கு இங்க கேக்குது. கார்ட டியூன் பண்ணவே இல்ல நீங்க.”

மாற்றித் தராமல் தப்பிக்கப் பார்க்கிறான் என்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “யாருக்குய்யா காது குத்துற? பதினாலு வருஷமா பேரிங்க காதாலயே கேட்டு சொல்றவன் நானு. எனக்கு நீ கேக்கச் சொல்லித் தர்றியா?” என்று வாய்க்கு வந்தபடி பேசி போனை வைத்தேன்.

வீட்டிலும் அதே கதைதான். நான் மெஷினைப் போட்டால் மனைவி நடுக்கதவைச் சாத்துவாள். எட்டு வயது மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். பக்கத்து வீட்டு நாய் தெருமுனைக்கு ஓடிவிடும். நாயை விடுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கு நான் செய்கிற காரியத்தின் மேல் இவ்வளவு இளக்காரமா என்று எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வட்டம் மறுபடி விலகியிருந்தது. மெஷினை ஆஃப் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி ஒரு காதைப் பொத்தியபடி வந்து நின்றாள்.

“ஏங்க, அத நிறுத்துங்களேன். தல வலிக்குது.”

“எத நிறுத்தறது? அது ஓடவே இல்லையே, சும்மா நிக்குது.”

“ஓடலன்னா என்ன? கீ...ன்னு கத்திக்கினே இருக்குதே.”

கடைக்காரனும் இவளும் ஒரே பாட்டைப் பாடுகிறார்களே என்று நினைத்தேன். இன்றைக்கு இவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். “சரி, செவுத்தப் பாத்து நில்லு. நான் சொல்லாமலே சுவிட்ச போடுவேன், நிறுத்துவேன். எப்ப கத்துதுன்னு நீ சொல்லு” என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். போட்டேன். “கத்துது.” நிறுத்தினேன். “நின்னுடுச்சி.” இரண்டு தரம் போட்டு உடனே நிறுத்தினேன். அதையும் சொன்னாள். பத்துக்குப் பத்து. சுவிட்ச் ‘டிக்’ என்பதை வைத்துச் சொல்கிறாளோ என்று, வயரைப் பிடுங்கிவிட்டு வெறும் சுவிட்சைத் தட்டினேன்.

“இப்ப ஒண்ணும் இல்லையே. டிக்குனுதான் கேட்டுது” என்றாள்.

ஒரு மெஷினில் கோளாறு பார்க்கிறவன் செய்கிற காரியம் இதுதான். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிச்சம் நிற்பது கெட்டுப்போன உருப்படி. கம்பி, வேகம், வோல்டேஜ், மோட்டார், கடைக்காரர், மனைவி எல்லாரையும் கழித்துவிட்டேன். வயரை மறுபடி மாட்டி, காதை மோட்டார் மேலேயே வைத்து அழுத்தினேன். சூடு தெரிந்தது. மெல்லிய அதிர்வு தெரிந்தது. சத்தம் இல்லை. பேச்சு கேட்கிற காதில் அந்த மெலிசான கீச்சு மட்டும் விழவே இல்லை. அன்றைக்குப் பட்ட பயத்தை அதற்கு முன் நான் பட்டதில்லை.

“இங்க வா, நான் திருவுறேன். நீ கேட்டு சொல்லு” என்றேன்.

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் திருகைத் திருப்பினேன். “ஏறுது... இன்னும் ஏறுது... அய்யோ, அந்தப் பக்கம் வேணாம். ம், கொறையுது. கொறையுது. இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க, நிறுத்துங்க, இப்ப சுத்தமா இல்ல.” மூன்று கார்டையும் அவள் சொன்ன இடத்தில் வைத்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வட்டத்தை வெட்டச் சொன்னேன். கத்தி கிளம்பிய இடத்திலேயே வந்து நின்றது. ஒன்றரை மாதமாக அதற்காகத் தவம் கிடந்தவன் நான். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

“எவ்ளோ நாளா ஒனக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது. “ரெண்டு வருஷம் இருக்கும். பொண்ணு பின்னாடி நின்னு கூப்புட்டா நீங்க திரும்ப மாட்டீங்க. நாந்தான் அவகிட்ட, அப்பா முன்னாடி போயி மூஞ்சப் பாத்துப் பேசுன்னு சொல்லி வச்சேன்.”

என் மகள் எதுவானாலும் என் எதிரில் வந்து நின்றுதான் பேசுவாள். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். பெண்ணாடத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் வளர்ப்பைப் பார் என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா விட்டு வச்சிருப்பீங்களா? கொஞ்சம் சத்தமா பேசுனாலே ஏன் கத்துறேன்னு எரிஞ்சி விழுவீங்க. ஒங்க கோவத்துக்குப் பயந்துதான் சொல்லல” என்றாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு, தரையில் கிடந்த பிளாஸ்டர் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று பூராவும் ஒரே கணக்குதான் மனதில் ஓடியது. இரண்டு வருஷத்தில் எத்தனை பேரிங்குக்கு ‘ஓட்டலாம்’ என்று சொல்லியிருப்பேன்? உள்ளே கீச்சு இல்லாததால் சொன்னேனா, எனக்குக் கேட்காததால் சொன்னேனா? கம்பெனியில் சொன்னால் வேலை போகும். சொல்லாமல் விட்டால் யாருக்காவது கையோ காலோ போகும். வேலை போவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? வாயைத் திறக்கக்கூடாது என்ற முடிவோடுதான் திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்குப் போனேன்.

போனதும் மில் ஓட்டுகிற அண்ணன் கையாட்டிக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டிரம்முக்குக் கையெட்டும் தூரத்தில் நாள் முழுக்க நிற்பவர். “மூணாவது மில்லு பேரிங்கு சுடுது ஃபிட்டரே. ஒரு தடவ கேட்டு சொல்லுங்க” என்று என் காதில் கத்தினார்.

ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் காதோடு அழுத்தினேன். வழக்கமான உறுமல் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ‘ஓட்டலாம்’ என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தப்பிக்க ஒரு வழி தோன்றி ஸ்க்ரூடிரைவரை அவரிடமே நீட்டினேன்.

“அண்ணே, நீங்க ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்” என்று அவர் காதில் கத்தினேன்.

அவர் சிரித்துவிட்டார். “என்னா ஃபிட்டரே வெளாட்டு? எனக்குக் காது அடஞ்சி ஏழெட்டு வருஷம் ஆவுது. நீங்க கேட்டு சொல்றீங்கன்ற தைரியத்துலதான இதும் பக்கத்துல நின்னுக்கினு இருக்கேன்.”

நான் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். நான்கு டிரம்களும் தயங்கித் தயங்கி நின்றன. மேலாளர் அறையிலிருந்து ஓடி வந்தார். “என்னய்யா ஆச்சு? பேரிங் எப்படி இருக்கு?” என்றார்.

“தெரியலைங்க சார். எனக்குக் காது கேக்கல” என்றேன். “ரெண்டு வருஷமாவே கேக்கலைங்க.”