மூன்றாவது தடவை கேட்காதவர்கள்

மினசோட்டாவின் வடக்கே எங்கள் ஊரில், ஒருவருக்கு எதையாவது கொடுக்க வேண்டுமென்றால் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாவது தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று இழுப்பார்கள். மூன்றாவது தடவைதான் சரி, கொஞ்சமாக ஊற்றுங்கள் என்று கோப்பையை நீட்டுவார்கள். முதலிலேயே நீட்டிவிட்டால் வெளியூர்க்காரர் என்று முடிவு கட்டிவிடுவோம். லோவல் பிராண்ட்வோல்ட் இங்கேயே பிறந்து, இந்தச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியே ஓய்வு பெற்றவர். அவரிடம் இந்தப் பழக்கம் ஊறிப்போயிருந்தது.

அரசாங்கச் செலவு விஷயத்தில் மட்டும் மனிதர் மரியாதை பார்க்க மாட்டார். முதியவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மெடிகேர் காப்பீடு கஜானாவையே காலி செய்கிறது, தேவையில்லாதவனெல்லாம் அனுபவிக்கிறான், இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று காலைக் காபிக் கடையில் மேசையைத் தட்டுவார். எதிரே உட்காரும் வெர்ஜில், நிலத்தை மகனிடம் விட்டுவிட்டு வம்புக்கென்றே கடைக்கு வருகிறவர்.

"ஏன்யா, உன் முட்டி ரெண்டையும் யாரு காசுல மாத்துன?" என்பார்.

அது என் சம்பளத்தில் பிடித்த காசு, அரசாங்கக் காசு இல்லை என்பார் லோவல். அப்படியானால் எதுதான் அரசாங்கக் காசு என்று வெர்ஜில் விடாமல் கேட்பார். லோவலுக்கு உடனே காபி ஆறிப்போயிருக்கும், வேறு வாங்க எழுந்துவிடுவார்.

போன இலையுதிர் காலத்தில் அவர் மனைவி ஆர்லிஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பள்ளிக்கூடச் சமையலறையில் வாய் ஓயாமல் பேசியே காலத்தை ஓட்டியவர் ஆர்லிஸ். எல்லாம் புரிந்தது, வார்த்தைதான் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஜனெல் என்ற பெண் மெடிகேர் கணக்கில் வீட்டுக்கு வந்தாள். ஒரு வார்த்தையை மீட்க ஒரு வாரம்கூட ஆனது. 'தண்ணீர்' வந்தது, 'ஜன்னல்' வந்தது. ஒருநாள் 'லோவல்' வந்தபோது அவர் கார் கொட்டகைக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

பனிக்காலத்தின் நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு. மெடிகேர் பணத்தை வாங்கி நிர்வாகம் செய்யும் ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். செலவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் ஒவ்வொருவரையும் விசாரிக்கிறோம் என்றாள். நல்ல காரியம் என்றார் லோவல். வீட்டில் சமாளிக்க முடிகிறதா என்று கேட்டாள். ஏதோ ஓடுகிறது, எங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர் என்றார். பயிற்சியாளர் இன்னும் தேவைப்படுகிறாரா என்று கேட்டாள். அந்தப் பெண்ணும் இந்தப் பனியில் அத்தனை தூரம் வர வேண்டியிருக்கிறது, எங்களுக்காக யாரும் மெனக்கெட வேண்டாம் என்றார். சொல்லிவிட்டு அடுத்த தடவைக்காகக் காத்திருந்தார். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

மறுவாரம் ஜனெல், இனி வரமாட்டேன் என்று சொல்ல வந்தாள். அரிசோனாப் பெண், ஊருக்குப் புதிது.

"நீங்களே வேணாம்னு சொல்லிட்டீங்களாமே, லோவல்?"

"வேணாம்னு சொன்னேன்தாம்மா. அதுக்காக வேணாம்னு அர்த்தமா?"

பாவம், அவளுக்கு என்ன தெரியும்! கம்பெனியைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள். அவரும் கூப்பிட்டார். தொலைபேசியில் நெடுநேரம் பாட்டுக் கேட்டபிறகு ஒருவன் வந்து, மறுபடி பரிசீலிக்க வேண்டுமா, அவசரமா என்று கேட்டான். அவசரமெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லித் தொலைத்தார்.

ஆர்லிஸின் வார்த்தைகள் நழுவத் தொடங்கின. ஜன்னலைக் காட்டி வாயைத் திறப்பார், ஒன்றும் வராது. லோவலுக்குத் தலை சுற்றியது. தேவையில்லாத செலவை நிறுத்துங்கள் என்று கத்தியவர் அவர்தான். நிறுத்திவிட்டார்கள். அப்படியானால் அவர் ஜெயித்தாரா, தோற்றாரா? அந்தத் தேவையில்லாதவன் தானேதானா? வெர்ஜிலிடம் கேட்கலாமென்று பார்த்தால், அவர் கால் புண்ணுக்கு மருந்து கட்ட வந்த செவிலியும் நின்றுபோய், மனிதர் வம்பு பேசுவதையே விட்டிருந்தார்.

வசந்தத்தில் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தொகுதி உறுப்பினர் அனுப்பிய அதிகாரி ஒருவர் வந்து, விசாரித்துப் பார்த்ததில் இந்த வட்டாரத்தில் பெரும்பாலோர் தேவையில்லை என்றே சொல்லிவிட்டார்கள், பாருங்கள், எவ்வளவு மிச்சம் என்று மகிழ்ந்தார். கூட்டம் முழுக்கத் தத்தம் காலணியைப் பார்த்தது. யாருக்காவது சிரமம் உண்டா என்று கேட்டார். எவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது, ஆனால் நானும்தான் திறக்கவில்லை. முன்வரிசையில் ஆர்லிஸின் சக்கர நாற்காலியைப் பார்த்து அதிகாரி லோவலிடம் குனிந்தார்.

"உங்க வீட்டுல எப்படிங்க? உதவி எதுவும் வேணுமா?"

"பரவால்லைங்க. சமாளிச்சுக்கறோம்."

அதிகாரி தலையாட்டிவிட்டு நகரப் போனார். ஆர்லிஸின் இடது கை லோவலின் சட்டையைப் பிடித்து இழுத்தது. ஆர்லிஸின் முகம் சிவந்தது. உதடு கோணியது.

"வே... வே... வேணும்."

ஜனெல் அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்திருக்கவே இல்லை. அதிகாரிக்குச் சரியாகக் கேட்கவில்லை, அவங்க என்ன சொல்றாங்க என்று லோவலிடம் கேட்டார். லோவல் எழுந்து நின்றார். அவள் அப்படித்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதுவும் வரவில்லை. தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"வேணும்ங்க," என்றார் கடைசியில்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல, ஆர்லிஸைவிட அவருக்குத்தான் அதிக நேரம் ஆனது.